நிலைத்த கட்டமும் நகரும் கட்டமும்

கணக்கில் பிழை இருவகையாய் நேரும். பெருக்கத் தெரியாமை ஒன்று. எதனை எதனால் பெருக்குவது என்பதில் தடுமாறுதல் மற்றொன்று. விரிதாள் என்னும் கணிப்பொறிச் சாதனம் முதல் வகையைப் பெரிதும் ஒழித்துவிட்டது. இரண்டாம் வகையையோ, ஒரே நொடியில் ஆயிரம் வரிகளுக்குப் பரப்பிவிடுகிறது.

ஓர் உதாரணம் காண்போம். திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்திற்கு எதிரே மத்தியப் பேருந்து நிலையம் உள்ளது. அங்கிருந்து செல்லும் வண்டிகளுக்குக் கட்டணப் பட்டியல் ஒன்று தயாரிப்பதாகக் கொள்வோம். 2022 மே மாதத்தில் கேரளத்தில் சாதாரணப் பேருந்துக் கட்டணம் கிலோமீட்டருக்கு 90 காசிலிருந்து 1 ரூபாயாக உயர்ந்தது. ஏனைய விதிகளை எளிமை கருதி விடுத்து, புதிய விகிதத்தைப் பி1 என்னும் கட்டத்திலும், ஒப்பிடும் பொருட்டுப் பழைய விகிதத்தை அதன் கீழ்ப் பி2இலும் எழுதுவோம். 10, 20, 30 கிலோமீட்டர் தொலைவுகள் முறையே ஏ4, ஏ5, ஏ6 கட்டங்களில் உள்ளன. பி4இல் ‘ஏ4 × பி1’ என்ற சூத்திரத்தை இட்டுக் கீழே பிரதி செய்தால், தொலைவுடன் விகிதமும் ஒவ்வொரு கட்டமாக இறங்கிவிடும். முதல் வரியில் 10 ரூபாய், அது சரி. இரண்டாம் வரியில் 20க்குப் பதிலாக 18. மூன்றாம் வரியில், பி3 வெறுமையாதலின், பூஜ்யம். பூஜ்யத்தைக் கண்டவர் திடுக்கிடுவர். பதினெட்டைக் கண்டவர் ஐயுறார். அபாயம் அந்தப் பதினெட்டில்தான் உள்ளது.

இதில் யந்திரத்தின் குற்றம் ஏதுமில்லை. பி1 என்பதை அது ‘மூன்று வரி மேலே’ என்னும் திசைக்குறிப்பாகவே கொள்கிறது. $பி$1 என டாலர் குறியிட்டு எழுதினால்தான் அது மாறாத விலாசமாகிறது. எழுத்துக்கு முன் இடும் குறி நிரலையும், எண்ணுக்கு முன் இடும் குறி வரிசையையும் நிலைநிறுத்தும்.

1979இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் விரிதாள், சூத்திரத்தைப் பிரதி செய்யும்போது, ஒவ்வொரு கட்டப் பெயருக்கும் ‘மாற்றுவதா, மாறாது விடுவதா’ என்று கேட்கும். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3இல் டாலர் குறியை முன்னதாகவே இட்டுவிட்டால் போதும், யந்திரம் கேட்பதில்லை. வேகம் கிட்டியது; ஆயினும், கேள்வி கேட்கும் பொறுப்பு முழுவதும் மனிதனைச் சார்ந்துவிட்டது.

ஆதலின், எந்த விசையை அழுத்தினால் டாலர் குறி தோன்றும் என்று மட்டும் கற்பிப்பது அரைகுறைப் பயிற்சியே. பட்டியல் முழுமைக்கும் பொதுவான அளவு எது, வரிதோறும் மாறுவது எது என்பதை முதலில் காகிதத்தில் பிரித்தெழுதப் பழக்க வேண்டும். பொது அளவுகளைத் தனியிடத்தில் பெயரிட்டு வைக்க வேண்டும். சரிபார்ப்போர் முதல் வரியோடு நின்றுவிடலாகாது. இத்தகைய பிழை அங்கே தோன்றுவதே இல்லை. இடையில் ஒரு வரியையும் இறுதி வரியையும் கையால் கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம்.

பேருந்துக் கட்டணமாயினும் ஓய்வூதியமாயினும், பணத்தைக் கொடுப்பவரும் பெறுபவரும் விடையை மட்டுமே காண்கின்றனர். அதன் பின்னுள்ள சூத்திரம் அவர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனைக் காணக்கூடியவர் பட்டியல் தயாரிப்பவர் ஒருவரே. யந்திரம் கேட்காதுவிட்ட அக்கேள்வியை அவரேனும் தமக்குள் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.