தங்கவயலைக் காணச் செல்வோருக்கு

கோடை விடுமுறையில் பங்குக் குடும்பங்கள் ஒன்றுகூடிப் பேருந்து அமர்த்திச் சுற்றுலா செல்வது நமது மரக்காணக் கரையோரத்திலும் வழக்கமாகிவிட்டது. பெங்களூர் செல்லும் வழியில் கோலார் தங்கவயலையும் பார்த்து வரலாமே என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். 2018-இல் வெளிவந்த திரைப்படம் அவ்வூரின் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்திருக்கிறது. தாராளமாகச் செல்லலாம். ஆயினும் எதைக் காணச் செல்கிறோம் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

1880-இல் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை ஏற்றனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஏறத்தாழ 800 டன் பொன்னை ஈந்தபின், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இரும்புக் கோபுரங்களும் ஆங்கிலேயர் பங்களாக்களும் சயனைடு மண்மேடுகளும் இன்று காட்சிப் பொருள்களாக நிற்கின்றன.

ஆனால் அந்த ஆழத்தில் இறங்கியவர் யார்? பெரும்பாலோர் நம்மவரே. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, பிழைப்புத் தேடிச் சென்ற ஏழைத் தமிழர்கள். மூங்கில் தட்டி வீடுகளில் அவர்கள் குடியிருந்தனர். பாறை வெடித்து மாண்டவர் பலர். கல்தூசு நுரையீரலை அரிக்க, இருமி இருமி மடிந்தவரும் பலர். 1930-இல் தங்கள் கைரேகையைப் பதியச் சொன்னபோது, தாங்கள் குற்றவாளிகள் அல்லர் என்று வேலைநிறுத்தம் செய்த மானமுள்ள மக்கள் அவர்கள். இன்றும் அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

ஆகவே, அங்கே செல்வோர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ளுங்கள். எவ்வளவு பொன் எடுத்தார்கள் என்பதோடு நில்லாமல், எடுத்தவர் என்ன உண்டார், எங்கே உறங்கினார், முதுமையில் அவருக்கு என்ன கிடைத்தது என்றும் கேளுங்கள். குடியிருப்புகளைக் கேட்காமல் படமெடுக்க வேண்டா. அனுமதியின்றிச் சுரங்க வாயில்களை நெருங்குவதும், சயனைடு மேடுகளில் குழந்தைகளை விளையாட விடுவதும் ஆகா.

இது நமக்குப் புரியாத செய்தியன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் நமது உப்பளங்களின் அருகே வண்டியை நிறுத்தி, வெண்ணிறக் குவியல்களைப் படமெடுத்துச் செல்கின்றனர். உப்புநீரில் வெடித்த பாதங்களும், வெயிலின் கூச்சத்தில் மங்கிய கண்களும், மழைக்காலத்தில் கூலியற்றுக் கிடக்கும் அடுப்பும் அப்படத்தில் விழுவதில்லை. ஒருவரேனும் இறங்கிவந்து, “எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீர்கள், அம்மா?” என்று கேட்டால் நம் உள்ளம் எவ்வளவு குளிரும்!

நம்மிடம் பிறர் கேட்க வேண்டுமென்று நாம் விரும்பும் அக்கேள்வியைத் தங்கவயலில் நாம் முதலில் கேட்போம். நம் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குவோம்.