ரசனையும் தரமும் ஒன்றல்ல

வீடியோ கேமின் தரம் ஆடுபவரின் ரசனையை மட்டுமே பொறுத்தது, அதைப் புறவயமாக, அதாவது ஆள் மாறினாலும் மாறாத சான்றுகளைக் கொண்டு, மதிப்பிடவே முடியாது என்ற வாதம், பிடித்திருப்பதையும் நன்றாக அமைந்திருப்பதையும் ஒன்றாகக் குழப்புவதால் அடிப்படையிலேயே பிழைபடுகிறது. 2018-இல் வெளியான 'செலஸ்ட்' என்னும் மலையேறும் கேமில், பாத்திரம் விளிம்பைத் தாண்டிக் காலூன்ற இடமின்றிப் போன பின்னும் சுமார் 0.1 நொடி வரை தாவும் பொத்தான் செல்லுபடியாகிறது. 'கொயோட்டி டைம்' எனப்படும் இந்தச் சலுகை, கண் பார்ப்பதற்கும் விரல் அழுத்துவதற்கும் இடையே இயல்பாக நேரும் தாமதத்தை ஈடுசெய்து, விழுந்தவர் கேமை நொந்துகொள்ளாமல் தம் தவற்றைத் திருத்திக்கொள்ள வழிசெய்கிறது. அதை நீக்கிவிட்டு ஆடிப் பார்த்து ஒப்பிட முடியும் என்பதால், இது சோதித்தறியக்கூடிய தொழில்திறன்; வெறும் ரசனை என்று இதைத் தள்ளுவது அதை உருவாக்கியவர்களின் உழைப்பையே மறுப்பதாகும். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' என்னும் கேம் வெளியான ஒரு வாரத்திலேயே, சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கருவியில் அது அடிக்கடி முடங்குவதாகப் புகார்கள் குவிந்ததை அடுத்து, சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை விலக்கியதையும் ரசனை வேறுபாடு என்று விளக்கிவிட இயலாது. கடினமான கேம்களை விரும்பாதவர் செலஸ்டை ஒதுக்குவது அவர் உரிமை. அதன் கட்டுப்பாடு மோசம் என்று அவர் அறிவித்தால், அதற்குச் சான்று காட்டும் கடமையும் அவருடையதே.