கடைசி பெஞ்சைக் காணாமல் செய்த படம்

பள்ளிக்கூடத்தில் 'கடைசி பெஞ்ச்' என்றாலே 'உருப்படாதவன்' என்ற முத்திரையும் சேர்ந்தே வந்துவிடும். அந்த முத்திரையைக் கேள்வி கேட்டது, 2024 நவம்பரில் வெளியான 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படம்.

ஸ்தானார்த்தி என்றால் வேட்பாளர். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்ச் பையன் ஸ்ரீக்குட்டன், பள்ளித் தேர்தலில் நிற்கிறான். வினேஷ் விஸ்வநாத் இயக்கிய இந்தப் படத்தின் முடிவில், வகுப்பறை பெஞ்சுகள் சுவரோரம் நகர்ந்து, எல்லாப் பிள்ளைகளும் முதல் வரிசைக்கு வந்துவிடுகிறார்கள்.

அது படத்தோடு நிற்கவில்லை. கொல்லம் மாவட்டம் வாளகத்தில் ஒரு பள்ளி பெஞ்சுகளை அப்படியே மாற்றிப் போட்டது. வேறு பள்ளிகளும் தொடர்ந்தன. 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவ இருக்கை பற்றிய பேச்சு எழுந்தது.

உடனே எதிர்க்கேள்விகளும் வந்தன. பக்கவாட்டில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தால் கழுத்து வலிக்காதா? அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இடம் எங்கே? இரண்டுமே நியாயமான கேள்விகள்.

மலையாள சினிமாவுக்கு இது புதிதல்ல. 2021-ல் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' வந்தபோது, அடுப்படி வேலை யாருடையது என்ற விவாதம் பல வீடுகளுக்குள் நுழைந்தது. தெரிந்த வீடு, தெரிந்த பள்ளி என்று அருகில் இருப்பதைக் காட்டுவதால்தான் அந்தப் படங்கள் பார்ப்பவரைச் சும்மா விடுவதில்லை.

இடம் இல்லாத பள்ளிகள் பெஞ்சை நகர்த்த வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைக்கலாம். அதற்குச் செலவே கிடையாது.