முட்டம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை



நம் பத்தாம் வகுப்புக் குழுவில் மே மாதம் குடும்பத்தோடு குமரிக் கடற்கரை போகத் திட்டம் ஓடுகிறது. பட்டியலைப் பார்த்தேன். காலை சொத்தவிளை, மதியம் முட்டம், மாலை தேங்காய்ப்பட்டணம். எத்தனை வண்டி, எங்கே சாப்பாடு, எல்லாம் இருக்கிறது. அன்று கடல் எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பூகோள வாத்தியாருக்கு வருத்தமாக இராதா?

‘கடலோரக் கவிதைகள்’ பார்த்ததிலிருந்து எல்லோருக்கும் முட்டம் பாறைமேல் நிற்க ஆசை. எனக்கும்தான். ஒருமுறை மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சார், பிள்ளைகளை மேலே ஏற்றுங்க" என்று சத்தம் போட்டார். கடல் அமைதியாகத்தான் இருந்தது. இவர் என்ன எனக்குச் சொல்வது என்ற நினைப்போடுதான் ஏற்றினேன். சற்று நேரத்தில் நாங்கள் நின்ற பாறையை அலை மூடியது. அலையைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அலையைத் தெரிந்தவர் அவர்.

ஏப்ரல், மே மாதங்களில் ‘கள்ளக்கடல்’ வரும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் எழுப்பிய அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் திருடனைப்போல் கரையேறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் போனது இப்படி எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். அந்தப் பெற்றோரை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று. கடல் இன்னும் கொந்தளிக்கும். அதனால் என் யோசனை: பொங்கல் விடுமுறைக்கு மாற்றுங்கள். அப்போது மேற்குக் கரை பொதுவாக அடங்கியிருக்கும். அப்போதும் பாறையில் எச்சரிக்கை வேண்டும். "மே மாதம்தானே சார் பிள்ளைகளுக்கு லீவு" என்பீர்கள். சரி, போங்கள். ஆனால் ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் அறிவிப்பை முந்தின நாளும் அன்று காலையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கரைக்கே போக வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டாலும் மீனவர்களைக் கேட்காமல் யாரும் பாறையில் இறங்கக் கூடாது. மூன்று இடம் ஓடுவதைவிட ஒரே இடத்தில், கலங்கரை விளக்கத்துப் பக்கம் மேட்டில் உட்கார்ந்து அஸ்தமனம் பாருங்கள்.

பாறை எங்கும் போகாது. பொங்கலுக்கு என்றால் நானும் வருகிறேன். வருகைப் பதிவேடு என் கையில்.

உங்கள் சார்