போர்டு போய்விட்டதாம்!

நம் தமிழ்ப்பள்ளிகளின் கணினிக் கூடங்களில் ஒரு கொடுமை ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அரும்பாடுபட்டுப் பணம் திரட்டுகிறது. பழைய மேசைக் கணினிகள் ஆமைபோல் நகர்கின்றன என்பதால் கூடுதல் நினைவகம், அதாவது ரேம் அட்டை, வாங்கிப் பொருத்துகிறார்கள். பொத்தானை அழுத்தினால் காற்றாடி சுழல்கிறது. திரையோ இருண்டு கிடக்கிறது. அல்லது பெட்டி ‘பீப் பீப்’ என்று அலறுகிறது. உடனே கடைக்காரருக்கு அழைப்பு பறக்கிறது. அவர் வந்து ஐந்து நிமிடம் பார்க்கிறார். “போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்று தீர்ப்பு வழங்கிவிட்டுப் புறப்படுகிறார். மறுவாரம் அந்தக் கணினி பண்டக அறையில் உடைந்த நாற்காலிகளோடு சேர்ந்துவிடுகிறது.

நான் கேட்கிறேன், எந்தச் சோதனையின் அடிப்படையில் இந்தத் தீர்ப்பு? நேற்றுவரை ஓடிய கணினி அது. புதிதாக அதில் நுழைந்தது ஒன்றே ஒன்று, நினைவக அட்டை. ஐயம் முதலில் அந்த அட்டையின் மீதும் அது செருகப்பட்ட விதத்தின் மீதும் எழ வேண்டுமா, தாய்ப்பலகையின் மீது எழ வேண்டுமா?

அறிவியல் பாடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று நாம்தானே கற்பிக்கிறோம்! தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்புவிக்கச் சொல்கிறோம். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைப் பார் என்கிறோம். வகுப்பறையைவிட்டு வெளியே வந்ததும் அந்த அறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

செய்ய வேண்டியது மிக எளிது. கணினியை அணைத்து மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, எஞ்சிய மின்சாரம் வடியட்டும் என்று விடுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உங்கள் உடலில் உள்ள நிலைமின்னையும் போக்கிக்கொள்ளுங்கள். இப்போது புதிய அட்டையைக் கழற்றிவிட்டு, பழையதை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் தாய்ப்பலகை சாகவில்லை! அடுத்து, பழைய அட்டை இருந்த அதே துளையில் புதியதைத் தனியாகச் செருகுங்கள். ஓடவில்லையா? குற்றவாளி அந்த அட்டை, அல்லது அது இந்தக் கணினிக்குப் பொருந்தாத வகை. தனித்தனியே இரண்டும் ஓடி, சேர்ந்தால் மட்டும் திரை இருண்டால், ஓடும் ஓர் அட்டையை இரண்டாம் துளைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே அதுவும் ஓடவில்லையென்றால் கோளாறு அந்தத் துளையில். ஓடினால், இரண்டு அட்டைகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

பெரும்பாலும் இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. அட்டை முழுமையாக உட்காராததே காரணமாக இருக்கும். உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் மென்மையாக வைத்துவிடுகிறோம். இரு முனைகளிலும் பெருவிரலால் அழுத்தினால் ‘டக்’ என்று தாழ்ப்பாள் விழ வேண்டும். சில பலகைகளில் ஒரு பக்கம் மட்டுமே தாழ்ப்பாள் இருக்கும். மறுபக்கம் பாதி எழும்பி நிற்பது கண்ணில் படாது. கெலாங் பாத்தாவின் கடற்காற்றும் ஈரப்பதமும் வேறு நமக்குப் பகை. பழைய அட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கல் படிந்திருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து உலரவிடுங்கள். அது கிட்டாவிட்டால், நம் மாணாக்கரின் எழுதுகோல் பெட்டியில் கிடக்கும் மென்மையான வெள்ளை அழிப்பானால் இலேசாகத் தேய்த்துத் துகள்களைத் தட்டிவிடலாம். துளைக்குள் மட்டும் அழிப்பானைக் கொண்டுபோக வேண்டாம்.

வாங்கும்போதே நேரும் கோளாறும் உண்டு. “நாலு ஜிபி ரேம் ஒன்று” என்று அரிசி வாங்குவதுபோல் கேட்கிறார்கள். எந்தத் தலைமுறை என்று சொல்ல வேண்டாமா? டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 தொடுமுனைகள்தாம். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். முன்னதற்கு 1.8 வோல்ட்டு, பின்னதற்கு 1.5. டிடிஆர்4 என்றால் 288 தொடுமுனைகள், 1.2 வோல்ட்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. நுழையவில்லை என்று பலம் காட்டினால்தான் போர்டு உண்மையிலேயே போகும்! இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய அட்டைகளில் சில, வழங்கிக் கணினிகளுக்கென்று செய்யப்பட்ட ‘ரிஜிஸ்டர்டு’ வகை. அவை சாதாரண மேசைக் கணினியில் இயங்கா. மலிவைக் கண்டு வாங்கும் பொருளாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு புலம்பலும் காதில் விழுகிறது: “நாலு போட்டோம், மூன்று சொச்சம்தான் காட்டுகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்!” இல்லை ஐயா. 32 இருமி விண்டோஸ் எண்ணக்கூடிய முகவரிகள் 4,294,967,296 மட்டுமே. அதில் ஒரு பங்கைத் திரையட்டை முதலிய உறுப்புகள் எடுத்துக்கொள்ளும். அங்கே எட்டு ஜிகாபைட் போட்டாலும் பயனில்லை. 64 இருமிப் பதிப்புக்கு மாற வேண்டும். கடைக்காரரைத் திட்டுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, இது அதில் சேராது.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் ‘போர்டு போன’ மூன்று கணினிகளைப் பார்க்க அழைத்தார்கள். பெற்றோர் சங்கப் பணத்தில் வாங்கியவை. ஒன்றில் அட்டை பாதி எழும்பி நின்றது, அழுத்தினேன், ஓடியது. இரண்டாவதில் ஒரு துளை மட்டும் பழுது. மற்றதில் செருகியதும் உயிர் வந்தது. மூன்றாவது மெய்யாகவே இறந்திருந்தது. கடைக்காரர் மூன்றில் ஒன்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அப்படித் தேர்வெழுதிய மாணவனுக்கு நாம் எந்தத் தரம் கொடுப்போம்?

திரை வந்துவிட்டதும் வேலை முடிந்ததென்று எண்ண வேண்டாம். பாதியில் உறைவதும் நீலத்திரை காட்டுவதும் கெட்ட அட்டையின் அறிகுறியாக இருக்கலாம். 2007இல் வெளிவந்த விஸ்டா காலந்தொட்டே விண்டோசுக்குள் நினைவகச் சோதனைக் கருவி இருக்கிறது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலியை விரலியில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடுவது இன்னும் சிறப்பு. அதில் ஒரு பிழை தென்பட்டாலும் அட்டையைக் கடைக்குத் திருப்புங்கள், உத்தரவாதக் காலம் முடிவதற்குள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் விலையைப் பாருங்கள். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போவதே காரணம். நம் ஜொகூரின் மூவாரிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் மைக்ரோன் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த ‘குருசியல்’ நினைவக வணிகத்தைக் கைவிடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கூலாயிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் தரவு மையங்கள் எழுந்து நிற்க, அவற்றின் அண்டையிலுள்ள நம் பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரு கணினி என்று வரிசையில் நிற்கிறார்கள். இந்த நிலையில் நல்ல அட்டையையும் நல்ல பலகையையும் சோதிக்காமல் எறிவதை வேறு என்னவென்று சொல்வது? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததைக் காட்டி இன்னும் எத்தனைப் பெட்டிகளைக் கழிப்பார்களோ! அவற்றுள் பல லினக்சில் நன்றாகவே ஓடும். அதைத் தனியே எழுத வேண்டும்.

“ஆசிரியர் வேலை பழுது பார்ப்பதா?” என்கிறார் ஒரு நண்பர். எனக்கும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் காட்சிவில்லை செய்யத்தான் சொல்லித்தந்தார்கள், பெட்டியைத் திறக்க அல்ல. ஆனால் நான் பழுது பார்க்கச் சொல்லவில்லை. சொல்லப்பட்ட தீர்ப்பைச் சரிபார்க்கச் சொல்கிறேன். அரசாங்கச் சொத்தாகப் பதிவான கணினியையும் உத்தரவாத முத்திரை உள்ளதையும் நாமாகத் திறக்கக்கூடாது. அதற்குரிய புகார் முறை இருக்கிறது. மின்வழங்கிப் பெட்டியை எவருமே திறக்க வேண்டாம், உள்ளே உயிர்போக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். உண்மையிலேயே செத்த கணினியை ‘சூராட் கபார் லாமா’ லாரியில் ஏற்றிவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டின் விதிமுறைகள்படி மின்னணுக் கழிவு அட்டவணைக் கழிவு. எஸ்டபிள்யூ110 என்ற குறியீடே அதற்கு உண்டு. உரிமம் பெற்றவரிடம்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புதுக் கணினி வாங்குவதற்கான தீர்மானம் வரும்போது, பெற்றோர்களே, கையை உயர்த்துவதற்கு முன் எழுந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். பழைய அட்டையை மட்டும் செருகி ஓட்டிப் பார்த்தீர்களா? எந்தத் துளையில்?