சாரதியின் கண்ணும் கையும்

வண்டி செலுத்துவோரைத் தமிழகத்தார் ஓட்டுநர் என்பர். ஈழத்துத் தமிழராகிய நாமோ இன்றளவும் சாரதி என்றே வழங்கி வருகின்றோம். அவருடைய சட்டைப்பையில் இருக்கும் அரசாங்கப் பத்திரத்தின் பெயரும் சாரதி அனுமதிப்பத்திரமே. தேர் மறைந்து மோட்டார் வந்து நூறாண்டு கடந்த பின்னும் இச்சொல் நம்மிடையே நிலைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. தேர்ச்சாரதிக்குக் கண் பாதையில் இருந்தது. கை கடிவாளத்தில் இருந்தது. குதிரை மிரண்டதா, களைத்ததா என்பதை வாரின் இழுப்பிலேயே அவன் கை அறிந்துகொண்டது. கை அறிந்ததைக் கண் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை எழவில்லை. அண்மைக் காலத்து மின்கார்களிற் பலவோ கைக்குரிய வேலையையும் கண்ணின்மேற் சுமத்திவிட்டன. அது நம் மலைப்பாதைக்கு ஏற்குமா என்பதே ஈண்டு நான் எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், பண்டாரவளையிலிருந்து அப்புத்தளை வழியாகப் பெரகலை நோக்கி, நண்பரொருவரின் புதிய மின்காரில் சென்றுகொண்டிருந்தேன். வண்டியைச் செலுத்தியவர் பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த இளைஞர், பத்தாண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிச் சென்றவர், கைதேர்ந்தவர். அப்புத்தளையைக் கடந்ததும் கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து பனிமூட்டம் மேலெழுந்து பாதையை மூடியது. வெளியே குளிர், உள்ளே நால்வரின் மூச்சு. முன்கண்ணாடியின் உட்புறம் நொடிப்பொழுதில் வெண்மை படர்ந்தது.

"தம்பி, கண்ணாடியைத் தெளிய வையுங்கள்" என்றார் நண்பர்.

இளைஞர் இடக்கையை நீட்டினார். நடுவிலே பலகை போல நின்ற பெருந்திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். பாட்டுப் பெட்டியின் பக்கம் திறந்தது. வண்டி குலுங்கியதால் மறுமுறை விரல் வழுக்கியது. மூன்றாம் முறை முயலாமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். "மன்னிக்கவும் சேர். பழைய வேன் என்றால் கையே போய் அந்த இடத்தில் நிற்கும். இதிலே கண் போகவேண்டியிருக்கிறது" என்றார்.

நிறுத்தியது அறிவுடைய செயல். ஆனால் அவ்வளவு நிதானமில்லாத ஒருவர் அவ்விடத்தில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் என்னை விட்டு நீங்கவில்லை.

மின்கார் நமக்கு முற்றிலும் புதியதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஜப்பானிய நிஸான் லீஃப் கார்கள் இலங்கை வீதிகளுக்கு வந்துவிட்டன. அக்காரின் முதற்பதிப்பைக் கண்டோர் ஒன்றை அறிந்திருப்பர். வேகத்தைக் காட்டும் எண் ஸ்டியரிங் சக்கரத்துக்கு மேலாக, முன்கண்ணாடியின் அடிவிளிம்பை ஒட்டி அமைந்திருந்தது. பாதையைப் பார்க்கும் கண் சற்றே தாழ்ந்தால் எண் தெரியும். குளிர், காற்று முதலியவற்றுக்கு உருவமுள்ள பொத்தான்கள் இருந்தன. ஆகவே கார் மின்சாரத்தில் ஓடுவதற்கும், அதன் பொறிகள் திரைக்குள் ஒளிந்துகொள்வதற்கும் இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை என்பது வெளிப்படை.

அப்படியாயின் இப்புதுவழக்கம் எங்கிருந்து வந்தது? 2017 ஆம் ஆண்டில் டெஸ்லா நிறுவனம் தன் மூன்றாம் மாதிரிக் காரை வெளியிட்டபோது, சாரதியின் முன்னிருந்த அளவிகளை அறவே நீக்கி, 15 அங்குலத் திரையொன்றை நடுவில் நிறுத்தியது. வேகமும் அங்கேதான், வரைபடமும் அங்கேதான். இதிற் சிக்கனம் உண்டு. பல பொத்தான்களைத் தனித்தனியே செய்து கம்பி இணைப்பதிலும், எல்லாவற்றையும் ஒரு திரையில் எழுதிவிடுவது மலிவு. வலப்பக்கச் சாரதிக்கும் இடப்பக்கச் சாரதிக்கும் நடுத்திரை ஒன்றே போதும். உலகம் அதனைப் பின்பற்றியது. 2025 பெப்ரவரியில் நம் நாட்டில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபின் வந்திறங்கிய புதிய மின்கார்களிற் பலவும் பெருந்திரை தாங்கியவையே. நல்ல வேளையாக அவற்றுட் சிலவற்றில் சாரதியின் நேர்முன்னே சிறுதிரை ஒன்றேனும் உண்டு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் ஓடும். இரு வினாடி திரையைப் பார்த்தால் 22 மீற்றர் தூரம் குருட்டு ஓட்டம். சாரதியின் ஒரு பார்வை இரு வினாடிக்கு மேல் பாதையை விட்டு விலகக்கூடாது என்று 2013 இல் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிருவாகம் வழிகாட்டியது. அது அகன்ற வீதிகளை மனத்திற்கொண்டு வகுத்த எல்லை. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில், 22 மீற்றருக்குள் ஒரு வளைவு முடிந்து மறுவளைவு தொடங்கிவிடும் இடங்களும் உண்டு.

கண்ணின் இயல்பையும் கருதவேண்டும். தொலைவிலுள்ள வளைவைப் பார்த்த விழி அருகிலுள்ள எழுத்துக்கு இசையவும், மீண்டும் தொலைவுக்குத் திரும்பவும் நேரம் வேண்டும். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கு அந்நேரம் மிகும். இரவில் ஒளிமிக்க திரையை நோக்கிய கண்ணுக்குச் சற்றுநேரம் இருள் இன்னும் கரியதாகத் தோன்றும்.

2022 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மோட்டார்ச் சஞ்சிகையான வீ பிலேகரே இதனை அளந்து பார்த்தது. பழைய விமான ஓடுபாதையில் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது, கண்ணாடியைத் தெளியவைத்தல், வானொலி நிலையம் மாற்றல் போன்ற சில வேலைகளைச் சாரதிகள் செய்யவேண்டும். பொத்தான்கள் நிறைந்த 2005 ஆம் ஆண்டின் வால்வோ காரில் எல்லாம் முடிய 10 வினாடியே பிடித்தது. ஓடிய தூரம் 306 மீற்றர். எம்.ஜி. மார்வெல் ஆர் என்னும் புதிய மின்காரிலோ 44.9 வினாடி பிடித்தது. ஓடிய தூரம் 1,372 மீற்றர். நடுநிலையாக நோக்குவோர் மற்றொன்றையும் சொல்லவேண்டும். அதே தேர்வில் வால்வோவின் மின்கார் ஒன்று தொடுதிரை கொண்டிருந்தும் 13.7 வினாடியில் முடித்தது. எனவே திரை என்பதே குற்றமன்று. எதை எங்கே வைத்தார்கள் என்பதே குற்றமும் குணமும் ஆகின்றது.

ஊவாவின் பாதைகளை அறியாதார்க்கு இவ்வளவு கவலை மிகையாகத் தோன்றலாம். பதுளை நகர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளையோ 1,400 மீற்றருக்கும் மேல். இடைப்பட்ட வீதி ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளமுமாக வளைந்தேறுகிறது. 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து வந்த பஸ்ஸொன்று பசறைக்கு அருகே பள்ளத்தில் வீழ்ந்தது. 2025 செப்டம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். இவ்விபத்துகளுக்குத் திரை காரணம் என்று நான் கூறவில்லை, கூறுவது பொய்யாகும். இவ்வீதிகள் தவறு செய்தவனுக்கு இரண்டாம் வாய்ப்பை அளிப்பதில்லை என்பதற்காகவே அவற்றை நினைவூட்டினேன். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்தபின், வளைவுக்கு அப்பால் பாதை இருக்கின்றதா என்பதையே பார்த்துச் செல்லவேண்டிய காலம் வந்தது. அத்தகைய பாதையில் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கலாகாது.

இறக்கத்தில் இன்னுமொரு நுட்பம் உண்டு. பெற்றோல் வண்டிச் சாரதி இரண்டாம் கியரைப் போட்டு இறங்குவான். அது அவன் கை கற்ற பாடம். மின்காரில் மோட்டாரே சக்கரத்தைத் தடுத்து, அந்த ஆற்றலை மின்கலத்துக்கு அனுப்பும். ஆனால் மின்கலம் நிறைந்திருந்தால் அவ்வாற்றலை ஏற்க இடமில்லை. சில கார்களில் அத்தடை குறைந்துவிடும். பண்டாரவளையில் முழுமையாக மின்னேற்றிக்கொண்டு உடனே இறங்குபவர் இதனை உணரக்கூடும். இத்தடையைக் கூட்டும் பொறி கைக்கெட்டும் தண்டாக இருப்பதற்கும், திரையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியாக இருப்பதற்கும் எவ்வளவு வேற்றுமை!

மொழியையும் மறத்தலாகாது. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் ஜப்பானிய எழுத்தைக் காட்டி ஜப்பானிய மொழியிற் பேசுவதை நாம் பல்லாண்டாகக் கேட்டு நகைத்திருக்கிறோம். ஆயினும் அவற்றை ஓட்டுவதில் இடரில்லை. வைப்பரும் விளக்கும் குளிர்காற்றும் மொழி வேண்டாத பொறிகளாக இருந்தன. திருகினால் திரும்பும் குமிழுக்கு அகராதி வேண்டுமா? அவையெல்லாம் எழுத்தாகத் திரைக்குள் புகுந்தபின் மொழி அறியாமையே ஆபத்தாகிறது. தமிழோ சிங்களமோ இல்லாத திரையை, ஆங்கிலப் பாடம் முறையாகக் கிட்டாத தோட்டத்து இளைஞர் வளைவிலே எழுத்துக்கூட்டி வாசிக்கவேண்டுமா?

யாவற்றிலும் பெரிய கேள்வி நீதியைப் பற்றியது. 2019 இல் ஜெர்மனியில் கொட்டும் மழையில் டெஸ்லா ஓட்டிச் சென்ற ஒருவர், வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்ற முயன்று, பாதை விலகி மரங்களில் மோதினார். அவருக்கு 200 யூரோ அபராதமும் ஒரு மாத ஓட்டத்தடையும் விதிக்கப்பட்டன. 2020 இல் கார்ல்ஸ்ரூ மேல்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. மழையில் வைப்பரைத் தேடியவர் தண்டனை பெற்றார். அதனைத் திரைக்குள் வைத்தவர்மீது அவ்வழக்கு இல்லை. நம் நாட்டில் நிலைமை இன்னும் கடினம். காரைத் தெரிந்து வாங்குபவர் முதலாளி. அதை ஓட்டுபவர் பிறருக்காகச் சம்பளத்துக்கு உழைக்கும் சாரதி. லயத்து வீட்டிலிருந்து புறப்பட்டுப் பண்டாரவளையிலும் கொழும்பிலும் இத்தொழிலை நம்பி வாழும் இளைஞர் பலர். விபத்து நேர்ந்தால் அனுமதிப்பத்திரம் போவது அவருடையது. அடுப்பு அணைவது அவர் வீட்டில்.

"இளைஞர்க்குத் திரை எளிது; பழகினாற் சரியாகிவிடும்" என்பாருமுளர். பழக்கம் என்பது மாறாத இடத்திற்குத்தான் உண்டாகும். கொழுந்து பறிக்கும் தாயின் விரல் பேச்சுக்கிடையிலும் தளிரைக் கண்டுபிடிப்பது, செடி நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்பதால் அன்றோ? திரையிலுள்ள பொத்தானோ தொடுவதற்கு மேடும் பள்ளமும் அற்றது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் ஓரிரவில் இடம் மாறக்கூடியது. பின்னோக்கிச் செல்லும்போது காட்சி காட்டவும், வழி சொல்லவும், மின்னேற்றும் இடம் தேடவும் திரை நல்ல துணை. நின்ற வண்டியில் அது நண்பன். ஓடும் வண்டியில் அது அடக்கத்தோடு இருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

உலகமும் இதனை உணரத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கப், 2026 ஜனவரி முதல் திரும்பு விளக்கு, அபாய விளக்கு, ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் உருவமுள்ள தனிப்பொறி வேண்டுமென்று தன் மதிப்பீட்டு முறையிற் சேர்த்துள்ளது. அது சட்டமன்று, ஆயினும் நட்சத்திரத்தை விரும்பும் நிறுவனம் அதற்குச் செவிசாய்க்கும். மலைநாட்டுக்காக அப்பட்டியலில் நான் இரண்டைச் சேர்ப்பேன்: முன்கண்ணாடியைத் தெளியவைக்கும் பொறி; இறக்கத்தில் மோட்டார்த் தடையைக் கூட்டும் பொறி. வேகத்தைக் காட்டும் எண் சாரதியின் நேர்முன்னே இருத்தல் வேண்டும். திரையில் தமிழும் சிங்களமும் வேண்டும். இவற்றை இறக்குமதிக்கு நிபந்தனையாக்குவது அரசால் ஆகாத காரியமன்று.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கார் வாங்கச் செல்வோர் தம் சாரதியையும் உடன் அழைத்துச் செல்லட்டும். நின்ற காரில் அவரை அமர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு வைப்பர் எங்கே, அபாய விளக்கு எங்கே, கண்ணாடியைத் தெளியவைப்பது எங்கே என்று கேட்கட்டும். கை நேரே சென்று நின்றால் அக்காரை வாங்கலாம். கை காற்றில் அலைந்தால், அப்புத்தளைப் பனியில் அந்தக் கையோடு கண்ணும் சேர்ந்து அலையும் என்பதை நினைத்து, வேறு காரைப் பார்ப்பதே நன்று.