யாருடைய விடுதலை?

டெக்ஸாஸ் குடியேறிகள் மெக்ஸிகோ ஆட்சியை எதிர்த்துப் போரிட்டுத் தனி நாடு கண்ட கதையை வீரகாவியமெனப் போற்றி, “கடல் கடந்து வந்த நம்மவருக்கு அத்தகைய தீரம் இல்லாது போயிற்றே!” என்று பெருமூச்செறியும் ஆங்கிலப் படிப்பாளிகள் நம் நீலாய் வட்டாரத்தில் உளர். இக்கூற்றை நாம் அடியோடு மறுக்கிறோம்.

அப்போரின் வரலாறுதான் யாது? 1821-இல் சுதந்திரம் பெற்ற மெக்ஸிகோ, தன் வடபகுதியில் குடியேற அமெரிக்கரை நிலம் தந்து அழைத்தது. ஸ்டீபன் ஆஸ்டின் முதலியோரின் முயற்சியால் வந்தவர்களுட் பலர், பருத்திக் காட்டில் உழைக்க ஆப்பிரிக்க அடிமைகளையும் ஓட்டி வந்தனர். மெக்ஸிகோ 1829-இல் அடிமை முறையை ஒழித்தது. டெக்ஸாஸுக்கு விலக்குப் பெற்றனர். சாகுமட்டும் உழைப்பதாக அடிமைகளிடம் எழுதி வாங்கி, அதற்கு ‘ஒப்பந்தம்’ என்று பெயரும் சூட்டினர். ஒப்பந்தக் கூலி முறை 1910 வரை நிலவிய மலாயாவில் வாழும் நமக்கு அச்சொல்லின் சூது விளங்காதா? புதிய அடிமைகளைக் கொணர்வதையும் அமெரிக்கர் குடியேறுவதையும் தடுத்த 1830 ஏப்ரல் 6-ஆம் நாள் சட்டம் அவர்களுக்கு வேம்பாயிற்று.

ஸாண்டா அன்னா 1824-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தை வீழ்த்தி எதேச்சாதிகாரம் புரிந்தது மெய்யே. அதை எதிர்த்தது குற்றமன்று. ஆயினும் 1836 மார்ச் 2-இல் சுதந்திரம் சாற்றியோர் அதே மாதத்தில் இயற்றிய சட்டம் சொன்னதென்ன? அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் சட்டசபைக்கு இல்லை. அச்சபையின் அனுமதியின்றி விடுதலை பெற்ற கறுப்பர் அந்நாட்டில் நிலையாக வாழவும் கூடாது! இதுவோ சுதந்திரம்?

இனி நம்மவர் தீரத்தைப் பாருங்கள். 1941-இல் அண்டை மாநிலமாகிய சிலாங்கூரில், கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்கு மானப் பாதுகாப்பு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டிறங்கும் இழிவுக்கு முடிவு: இவையே கேட்டனர். பிறர் நிலத்தில் ஒரு சாணும் கேட்டாரில்லை. வெள்ளையராட்சி ஆர். எச். நாதனைச் சிறைப்பிடித்து நாடு கடத்தியது, பட்டாளத்தை ஏவியது, தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். இதுவன்றோ தீரம்! அச்சைக்கிள் கோரிக்கை துரைக்கு மட்டுமன்றி நம் கிராணி வர்க்கத்திற்கும் விடப்பட்ட அறைகூவல் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

இன்று தோட்டங்களிலும் நீலாய்த் தொழிற்சாலைகளிலும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். பிறர் பாஸ்போர்ட்டைப் பறித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; ஆயினும் முதலாளிகளிடையே அவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை. அதைக் கண்டும் வாளாவிருந்து, அவர்களை ‘அந்நியக் கூலி’ என்று ஏசும் நம்மவர், கிள்ளான் தியாகிகளின் பெயரைச் சொல்ல அருகதையுடையவரா?

தனக்கு உரிமை வேண்டிப் போரிடுவோன் தனக்குக் கீழுள்ளவனுக்கு எதைத் தந்தான் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடையளிக்க மாட்டாத விடுதலை, எஜமானர்களின் விடுதலையே.